பள்ளிப் பருவத்திலேயே கல்லூரிக் கல்வி: பயன்களும் படிப்பினைகளும்

தோற்றுவாய்

திருமறையின் முதல் வெளிப்பாடே ஓதுமாறு பணிக்கும் கட்டளையோடு தொடங்குகின்றது. அக்கட்டளைக்கு இன்ன வயதினர், இன்ன நிலையினர் என்னும் வரையறை ஏதும் இல்லை. ஆயினும், கல்வி நிலையங்களைக் கட்டியெழுப்பிய மாந்தர் நிருவாக வசதி கருதி வரையறைகள் பலவற்றை வகுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்று, பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே எழுந்து நிற்கும் மதில். பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்த மாணவர் ஒரு கோடை விடுமுறையைக் கடந்து மறுபுறம் வந்து சேரும்போது, ஆசிரியர், பாடநூல், தேர்வுமுறை, பயிலும் முறை ஆகிய அனைத்தும் ஒரே நாளில் மாறிவிடுகின்றன.

ஆண்டுதோறும் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும் நாள்களில் கல்லூரி ஆசிரியராகிய நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. துறை அறையின் வாயிலில் மாணவர் சிலர் நிற்பர். உள்ளே வரலாமா, கூடாதா என்பது அவர்களுக்குத் தெரியாது. அகமதிப்பீடு என்றால் என்ன, பருவத்தேர்வு என்றால் என்ன, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது எங்ஙனம், நூலகத்தில் நூல் கேட்பது எங்ஙனம் என்பனவற்றை வீட்டில் சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஏனெனில், அவ்வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவரே. இத்தகையோருள் சிலர் முதற்பருவம் முடியும் முன்னரே வகுப்பை விட்டு நின்றுவிடுகின்றனர். அழைத்து வினவினால், "பாடம் கடினம்" என்று கூறுவோர் சிலரே; "இந்த இடம் எங்களுக்குச் சரிப்பட்டு வராது, ஐயா" என்று கூறுவோரே பலர். இஃது அறிவின் குறையன்று. பழக்கமின்மையால் வந்த குறை.

இம்மதிலில் ஒரு வாயிலைத் திறந்து, பள்ளியில் பயிலும்போதே கல்லூரிப் பாடம் ஒன்றிரண்டைப் பயிலச் செய்தால் என்ன? இவ்வினாவை எழுப்பியதோடு நில்லாமல், பெரிய அளவில் செயற்படுத்தியும் பார்த்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கு இம்முறை வளர்ந்த வரலாறு, அது செயற்படும் விதம், அதனால் விளையும் பயன்கள், அதிலுள்ள இடர்கள் ஆகியவற்றை விளக்கி, நாம் பெறத்தக்க படிப்பினை யாது என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயதால் வகுத்தலும் தகுதியால் வகுத்தலும்

மாணவரை வயது வாரியாகப் பிரித்து வகுப்புகளில் அமர்த்தும் முறை கல்வி வரலாற்றில் பிற்காலத்தே பரவியது. பழைய இஸ்லாமிய உலகில் பள்ளிவாசல்களில் ஆசிரியரைச் சூழ்ந்து மாணவர் வட்டமாக அமர்ந்து பயின்றனர். அவ்வட்டத்திற்கு 'ஹல்கா' என்று பெயர். ஒரு நூலை ஆசிரியரிடம் முறையாக ஓதித் தேர்ந்தவர்க்கு, அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் இசைவாகிய 'இஜாஸா' வழங்கப்பெற்றது. எத்தனை ஆண்டுகள் அமர்ந்தார் என்பதைவிட, எந்நூலை யாரிடம் ஓதினார் என்பதே அங்குக் கருதப்பெற்றது. மருத்துவ மேதை இப்னு சீனா, தம் காலத்து அறிவுத் துறைகளைப் பதினெட்டு வயதிற்குள் கற்று முடித்ததாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் கூறியுள்ளார்.

தமிழ் மரபும் இதற்கு வேறானதன்று. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறே. இன்றைய கணக்கில் அது பள்ளி மாணவனின் வயது. நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்களும் அப்பெரும்புலவரிடம் பாடம் கேட்டவரே ஆவர். வயதும் சமயமும் அவ்வாசிரியரின் வாயிலில் தடையாக நிற்கவில்லை.

பின்னர், எல்லார்க்கும் கல்வி என்னும் பெரும்பணியை மேற்கொண்டபோது வகுப்புமுறை தேவையாயிற்று. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒழுங்குறக் கற்பிக்க அஃதன்றி வேறு வழியில்லை. ஆயினும், ஒழுங்குக்காக எழுப்பிய மதில் ஒருவரையும் உள்ளே விடாத மதிலாகிவிடக் கூடாது. அமெரிக்கர் கண்ட வழி, மதிலை இடிக்காமல் அதில் வாயில் அமைக்கும் வழியாகும்.

அமெரிக்காவில் வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுப் படிப்பு. பதினான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் அதில் பயில்வர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சிறந்த பள்ளிகளில் பயின்று வந்த மாணவர் கல்லூரியின் முதலாமாண்டில் தாம் முன்னரே கற்றவற்றை மீண்டும் கற்று நாளைக் கழிப்பதாகக் கல்வியாளர் கண்டனர். ஆர்வர்டு, பிரின்ஸ்டன், ஏல் ஆகிய பல்கலைக்கழகங்களும் புகழ்பெற்ற தனியார் பள்ளிகள் மூன்றும் இணைந்து இதனை ஆராய்ந்தன. இத்தகைய முயற்சிகளின் விளைவாகத் தோன்றியதே 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்னும் திட்டம். 1955இல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு இதன் பொறுப்பை ஏற்றது. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைப் பயின்று, ஆண்டிறுதியில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வை எழுதுவது இத்திட்டம். மதிப்பெண் 1 முதல் 5 வரை அமையும். அதனைக் கல்லூரிப் பாடத்திற்கு ஈடாக ஏற்பதும் ஏற்காததும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

1970களில் இம்முயற்சி வேறு வடிவங்களை எடுத்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம், சுற்றுப்புறப் பள்ளிகளின் தலைவர்கள் விடுத்த வேண்டுகோளை ஏற்று, தன் பாடங்களைப் பள்ளிகளிலேயே நடத்த முன்வந்தது. இறுதியாண்டு மாணவர் ஊக்கமின்றி நாளைக் கழிக்கின்றனர் என்பதே அத்தலைவர்களின் கவலை. 1974இல் நியூயார்க் நகரத்தின் லகார்டியா சமுதாயக் கல்லூரி இதனினும் ஒரு படி மேலே சென்றது. படிப்பை இடையில் விட்டுவிடக் கூடியவர் என அஞ்சத்தக்க மாணவருக்காகவே, 'மிடில் காலேஜ்' என்னும் பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தன் வளாகத்திற்குள் தொடங்கியது. கல்லூரி மாணவர் நடமாடும் தாழ்வாரங்களில் பள்ளி மாணவரும் நடமாடினர். அவர்கள் பயன்படுத்திய நூலகத்தையே இவர்களும் பயன்படுத்தினர்.

1985இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அரசின் செலவில் கல்லூரிகளுக்குச் சென்று பயில அச்சட்டம் வழிவகுத்தது. 1990இல் வாஷிங்டன் மாநிலமும் 'ரன்னிங் ஸ்டார்ட்' என்னும் பெயரில் இத்தகைய திட்டத்தைச் சட்டமாக்கியது. 2002இல் கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகளின் பொருளுதவியால் 'எர்லி காலேஜ்' எனப்படும் பள்ளிகள் பல மாநிலங்களிலும் தோன்றின. வறிய குடும்பத்தினர், சிறுபான்மை இனத்தவர், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்வோர் ஆகியோரை முன்னிறுத்தி அவை அமைக்கப்பெற்றன. 2022-23 கல்வியாண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 25 இலட்சம் பள்ளி மாணவர் கல்லூரிப் பாடம் ஒன்றையேனும் பயின்றனர்.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புலப்படுகின்றது. தொடக்கத்தில், முன்னரே முன்னணியில் நின்ற மாணவரின் காலத்தை மிச்சப்படுத்த இவ்வாயில் திறக்கப்பெற்றது. பின்னர், வாயிலை நெருங்கவே அஞ்சிய மாணவரை உள்ளே அழைக்கவும் அது பயன்பட்டது. இவ்விரு நோக்கங்களுள் எது சிறந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

செயற்படும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்திற்கும் 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு உண்டு. ஒரு பருவத்தில் பயிலும் பாடம் ஒன்றிற்குப் பெரும்பாலும் 3 மதிப்பலகுகள். இளங்கலைப் பட்டத்திற்கு ஏறத்தாழ 120 மதிப்பலகுகளும், சமுதாயக் கல்லூரிகள் வழங்கும் ஈராண்டு அசோசியேட் பட்டத்திற்கு ஏறத்தாழ 60 மதிப்பலகுகளும் வேண்டும். பள்ளி மாணவர் ஒருவர் பருவத்திற்கு இரண்டு பாடங்களாக ஈராண்டுகள் பயின்றால் எட்டுப் பாடங்கள் முடியும். 24 மதிப்பலகுகள் சேரும். கல்லூரியில் ஓராண்டில் பெறுவது ஏறத்தாழ 30 ஆதலால், ஓராண்டுப் படிப்பின் பெரும்பகுதியை அவர் பள்ளியிலிருக்கும்போதே முடித்துவிடுகின்றார்.

பல மாநிலங்களில் ஒரே பாடம் பள்ளியிறுதிச் சான்றுக்கும் கல்லூரிப் பட்டத்திற்கும் சேர்த்துக் கணக்கிடப்பெறும். ஒரு கல்லில் இரு மாங்காய் எனத் தகும் இம்முறையை 'டூயல் கிரெடிட்' என்பர். இது மூவகையாக நடைபெறுகின்றது. மாணவர் கல்லூரிக்கே சென்று, பிற கல்லூரி மாணவரோடு அமர்ந்து பயில்வது ஒருவகை. கல்லூரியின் ஒப்புதல் பெற்ற பள்ளியாசிரியர், கல்லூரியின் பாடத்திட்டப்படி பள்ளியிலேயே கற்பிப்பது மற்றொரு வகை. பள்ளியையும் கல்லூரியையும் ஒன்றாக இணைத்து, நான்கு ஐந்து ஆண்டுகளில் பள்ளிச் சான்றும் அசோசியேட் பட்டமும் ஒருங்கே பெறச் செய்வது மூன்றாம் வகை. தொலைவில் உள்ளோர் இணையவழிப் பயில்வதும் உண்டு.

செலவை யார் ஏற்பது என்பது மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்களில் அரசே ஏற்கின்றது. சிலவற்றில் குடும்பமே செலுத்த வேண்டும். ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் நூல் வாங்குவதும் கல்லூரிக்குச் சென்று வருவதும் பொதுவாக மாணவரின் பொறுப்பு. இச்சிறு செலவும் வறியவர்க்குப் பெருஞ்செலவே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

விளையும் பயன்கள்

முதலாவது பயன், பொருட்சிக்கனம். அமெரிக்காவில் கல்லூரிக் கல்வி மிகுந்த செலவுடையது. கடன் பெற்றுப் பயின்று, அக்கடனை ஆண்டுக்கணக்கில் அடைப்போர் அங்குப் பலர். பள்ளியில் பயிலும்போதே கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ சில பாடங்களை முடித்துக்கொண்டால், அந்த அளவிற்குப் பிற்காலச் சுமை குறைகின்றது.

இரண்டாவது பயன், காலச்சிக்கனம். சிலர் மூன்றாண்டுகளில் பட்டம் பெறுகின்றனர். சிலர் நான்காண்டுகளும் பயின்று, மிச்சமான காலத்தில் இரண்டாவது துறை ஒன்றைக் கற்கின்றனர். வேறு சிலர் பகுதிநேரப் பணி செய்து குடும்பத்திற்கு உதவுகின்றனர்.

மூன்றாவது பயன், துறையைத் தேர்ந்து தெளியும் வாய்ப்பு. மருத்துவம் பயில விரும்பும் மாணவி ஒருத்தி, பள்ளிப் பருவத்திலேயே கல்லூரி உயிரியல் வகுப்பில் அமர்ந்து பார்க்கின்றாள். ஆர்வம் உறுதிப்படின் நன்று. அன்றி, அத்துறை தனக்கு உரியதன்று எனத் தெளியினும் நன்றே. மூன்றாண்டுகள் கழித்து வர வேண்டிய தெளிவு மூன்று மாதங்களில் வந்துவிடுகின்றது. அக்கம்பக்கத்தார் சொற்கேட்டுப் பாடப்பிரிவைத் தேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துவோரை நாளும் காணும் நமக்கு இப்பயனின் அருமை நன்கு விளங்கும்.

நான்காவது பயன், பயிலும் முறையில் ஏற்படும் மாற்றம். பள்ளியில் ஆசிரியர் நாள்தோறும் பாடத்தை ஊட்டுகின்றார், வீட்டுப்பாடத்தைத் திருத்துகின்றார், தவறினால் பெற்றோர்க்குச் சொல்லி அனுப்புகின்றார். கல்லூரியிலோ பருவத் தொடக்கத்திலேயே பாடத்திட்டமும் கட்டுரை ஒப்படைக்கும் நாள்களும் அறிவிக்கப்பெறுகின்றன. அதன்பின் நினைவூட்டுவார் இல்லை. தன் நேரத்தைத் தானே பகுத்துக்கொள்ளுதல், ஒரு பொருள் பற்றிப் பல நூல்களைப் பார்த்தல், ஆசிரியரை அணுகி ஐயம் கேட்டல் ஆகிய பழக்கங்கள் ஒரே நாளில் வாரா. பள்ளியின் பாதுகாப்பு இருக்கும்போதே ஒரு பாடத்தில் இவற்றைப் பழகினால், பின்னர் ஐந்து பாடங்களையும் ஒருங்கே எதிர்கொள்வது எளிதாகும். நீச்சல் பழகுவோர் முதலில் படித்துறையில் நின்று பழகி, அதன்பின் ஆற்றின் நடுவே செல்வதை ஒத்தது இது.

ஐந்தாவது பயன், மனத்துணிவு. இதனையே நாம் தலையாய பயனாகக் கருதுகின்றோம். கற்றோர் நிறைந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குக் கல்லூரி புதிய இடம் அன்று. தந்தையும் தமக்கையும் நடந்து தேய்த்த படி அது. முதல் தலைமுறை மாணவர்க்கோ அங்குள்ள ஒவ்வொன்றும் "நீ இங்கு உரியவன்தானா?" என்று வினவுவதாகத் தோன்றுகின்றது. பதினாறு வயதில் ஒரு கல்லூரிப் பாடத்தைப் பயின்று, ஒரு கட்டுரை எழுதி, அதில் தேர்ச்சியும் பெற்ற மாணவர் அவ்வினாவிற்கு விடை கண்டுவிடுகின்றார். பிறர் எடுத்துரைக்கும் அறிவுரைகள் நூறு சேர்ந்தும் தர இயலாத துணிவைத் தானே முடித்த ஒரு பாடம் தந்துவிடும்.

ஆய்வு காட்டும் உண்மை

"கல்லூரிப் பாடம் பயில முன்வருவோர் இயல்பாகவே திறமையுடையோர், அவர்கள் பின்னாளில் சிறப்பது அத்திறமையாலன்றி இத்திட்டத்தால் அன்று" என ஒருவர் தடை எழுப்பலாம். இத்தடை நியாயமானதே. இதற்கு விடை காணும் வாய்ப்பு எர்லி காலேஜ் பள்ளிகளில் கிட்டியது. அப்பள்ளிகளுள் சிலவற்றில் இடங்களினும் விண்ணப்பங்கள் மிகுந்தமையால், குலுக்கல் முறையில் மாணவர் சேர்க்கப்பெற்றனர். குலுக்கலில் இடம் பெற்றோரும் பெறாதோரும் விருப்பத்தாலும் திறமையாலும் ஒத்தவரே. வேறுபாடு வாய்ப்பு ஒன்றே. எனவே, இவ்விரு சாராரையும் ஒப்பிட்டால் திட்டத்தின் உண்மைப் பயன் விளங்கும்.

'அமெரிக்கன் இன்ஸ்டிடியூட்ஸ் ஃபார் ரிசர்ச்' என்னும் ஆய்வு நிறுவனம் இவ்வாறு ஒப்பிட்டு 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, இப்பள்ளிகளில் இடம் பெற்றோருள் 86 விழுக்காட்டினர் பள்ளிப் படிப்பை முடித்தனர். இடம் பெறாதோருள் முடித்தவர் 81 விழுக்காட்டினர். கல்லூரியில் சேர்ந்தோர் முறையே 80 விழுக்காடும் 71 விழுக்காடும் ஆவர். ஆய்வுக் காலத்திற்குள் கல்லூரிப் பட்டம் ஒன்றைப் பெற்றோர் ஒருபுறம் 22 விழுக்காடு; மறுபுறம் 2 விழுக்காடு. இப்பட்டங்களுள் பெரும்பாலானவை அசோசியேட் பட்டங்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும், ஒத்த மாணவரிடையே வாய்ப்பு ஒன்றே இத்துணை வேறுபாட்டை விளைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 2009இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த மாணவரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் ஓர் உண்மையை வெளியிட்டது. பெற்றோர் பட்டதாரிகளாக உள்ள மாணவருள் 42 விழுக்காட்டினர் பள்ளிப் பருவத்தில் கல்லூரிப் பாடம் பயின்றனர். பெற்றோர் உயர்நிலைப் பள்ளியையும் முடிக்காத மாணவருள் அவ்வாறு பயின்றவர் 26 விழுக்காட்டினரே. யாருக்கு இவ்வாயில் மிகுதியும் தேவையோ, அவர்களே அதன் வழியாகக் குறைவாக நுழைகின்றனர். மேட்டு நிலத்திற்கே மேலும் நீர் பாய்ந்தால் பள்ளத்துப் பயிர் வாடும்.

எச்சரிக்கைக்குரியன

இத்திட்டத்தின் இடர்களுள் முதன்மையானது, மதிப்பெண்ணின் நிலைத்தன்மை. பள்ளிப் பருவத்தில் பயின்றாலும் கல்லூரிப் பாடத்தின் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக இடம்பெறும். அணியமாகாத மாணவர் அவசரப்பட்டுச் சேர்ந்து தோல்வியுற்றால், அத்தோல்வி பிற்காலச் சேர்க்கையையும் அரசின் நிதியுதவியையும் பாதிக்கக் கூடும். துணிவைத் தர வேண்டிய வாய்ப்பே துணிவைக் கெடுப்பதாக முடியும்.

இரண்டாவது, மதிப்பலகுகளை ஏற்பதில் உள்ள சிக்கல். ஒரு கல்லூரியில் பெற்ற மதிப்பலகை மற்றொரு பல்கலைக்கழகம் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. ஏற்பினும், முதன்மைப் பாடத்திற்கு ஈடாகக் கொள்ளாமல், விருப்பப் பாடமாக மட்டும் கொள்ளலாம். எனவே, கிடைத்த பாடங்களை எல்லாம் பயிலாமல், எப்பட்டத்தை நோக்கிச் செல்கின்றோம் என்பதை முன்னரே தீர்மானித்துப் பாடங்களைத் தேர்தல் வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் இல்லாத இடத்தில் இது நிகழாது.

மூன்றாவது, இளமையின் இழப்பு. விளையாட்டு, நட்பு, பொழுதுபோக்கு ஆகியவையும் கல்வியின் உறுப்புகளே. இரண்டு கல்வி நிலையங்களின் சுமையை ஒரு தோளில் ஏற்றி, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமாறு ஒரு பிள்ளையைப் பணிப்பது கல்வி ஆகாது. விரைந்து முடித்தலே நோக்கமாயின், கற்றல் பின்தள்ளப்படும். கனியை அடித்துப் பழுக்கவைத்தால் நிறம் வரும், சுவை வராது.

புகுமுக வகுப்பு தந்த பாடம்

பள்ளிப் பருவத்து மாணவர் கல்லூரியில் பயில்வது தமிழ்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை எஸ்.எஸ்.எல்.சி. தேர்வோடு முடித்தவர்கள், 1950களின் நடுப்பகுதி வரை ஈராண்டு இண்டர்மீடியட் படிப்பையும், அதன்பின் ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் கல்லூரிகளிலேயே பயின்றனர். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்ற பின்னரே அவ்வயதினர் பள்ளிகளுக்குத் திரும்பினர்.

புகுமுக வகுப்பில் பயின்ற மூத்த பேராசிரியர் பலர் அக்காலத்தைப் பெருமிதத்தோடு நினைவுகூர்வதை நாம் கேட்டுள்ளோம். அரும்பு மீசைப் பருவத்தில் பெரும் பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்டதும், பல்லாயிரம் நூல்கள் நிறைந்த நூலகத்தில் நுழைந்ததும் தம் வாழ்வைத் திருப்பியதாக அவர்கள் கூறுவர். அதே வேளையில், தமிழ்வழிப் பயின்று வந்த கிராமத்துப் பிள்ளைகள் பாடங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எதிர்கொண்டு திகைத்ததையும், அவ்வோராண்டிலேயே தோல்வியுற்றுக் கல்வியைக் கைவிட்டதையும் அவர்களே கூறுவர். மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் அமைந்தபின், வெளியூர்க் கல்லூரிக்குப் பெண்மக்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்களும் உள்ளூர்ப் பள்ளியிலேயே மேலும் ஈராண்டுகள் அவர்களைப் பயிலவைத்தன. நம் சமுதாயப் பெண்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதற்கு இம்மாற்றம் துணைநின்றது.

எனவே, புகுமுக வகுப்பு மீண்டும் வர வேண்டும் என்று நாம் கூறவில்லை. அங்கே எல்லாரும் ஒரே நாளில் ஆற்றின் நடுவே இறக்கிவிடப்பட்டனர், நீந்தியோர் கரையேறினர். இன்றோ எல்லாரும் கரையிலேயே ஈராண்டுகள் நிறுத்தப்பட்டு, அதன்பின் இறக்கப்படுகின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவில் படித்துறை ஒன்று வேண்டும் என்பதே நம் கருத்து.

நாம் செய்யத்தக்கன

அப்படித்துறைக்கான கற்கள் நம் நாட்டிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வருகின்றன. 2021இல் பல்கலைக்கழக மானியக்குழு மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கிக்கு விதிமுறைகள் வகுத்தது. 2023இல் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகம் பள்ளிக் கல்வியையும் உயர்கல்வியையும் ஒரே அளவுகோலில் வைத்துக் காண முற்பட்டது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பள்ளி மாணவர்க்கு உயர்கல்வி வழிகாட்டுதலை அளித்தது. அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற 'புதுமைப் பெண்' திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்க வகைசெய்தது. இவை யாவும் பெரிய ஏற்பாடுகள். ஆனால், ஒரு கல்லூரி தன் வாயிலைத் திறப்பதற்கு அரசாணை ஒன்றிற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

பருவத்திற்குப் பத்துச் சனிக்கிழமைகளில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், அருகிலுள்ள பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்க்குக் கல்லூரிப் பாடம் ஒன்றை நடத்தலாம். எடுத்துக்காட்டாக, தமிழ்த்துறை உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஒரு படலத்தையோ, அகராதியைப் பயன்படுத்தும் முறையையோ, கட்டுரை எழுதும் பயிற்சியையோ பாடமாக அமைக்கலாம். பொருளியல், கணிதம், வேதியியல் துறைகளும் தத்தமக்கு ஏற்றவற்றை அமைத்துக்கொள்ளலாம். மாணவர் நூலகத்தில் அமர்ந்து படிக்க வேண்டும். ஒரு கட்டுரையேனும் எழுதி, அதனை ஆசிரியரின் திருத்தத்தோடு திரும்பப் பெற வேண்டும்.

அமெரிக்கப் பட்டறிவிலிருந்து நான்கு நெறிகளை இதற்குக் கொள்ளலாம். குடும்பத்தில் கல்லூரியைக் காணாத பிள்ளைகளுக்கே முதலிடம் அளிக்க வேண்டும். மதிப்பெண் வரிசையில் முதலில் நிற்போரைக் கொண்டு இடங்களை நிரப்பிவிடக் கூடாது. பேருந்துச் செலவிற்கும் நண்பகல் உணவிற்கும் கல்லூரி நிருவாகமோ ஊர்ச் சமுதாயப் பெருமக்களோ பொறுப்பேற்க வேண்டும். தோல்வி எங்கும் பதிவாகாமல், நிறைவு செய்தோர்க்குச் சான்று மட்டும் வழங்க வேண்டும். அதே பள்ளியில் பயின்று வந்த நம் மாணவர் ஒருவரை ஒவ்வொரு குழுவிற்கும் வழித்துணையாக அமர்த்த வேண்டும். முன்னே நடந்த அண்ணனையோ அக்காவையோ கண்டால் பின்வரும் பிள்ளையின் அச்சம் பாதி தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் கூறத் தோன்றுகின்றது. இறுதிச் சனிக்கிழமையன்று பெற்றோரையும், சிறப்பாகத் தாய்மாரையும், வகுப்பறைக்கு அழைக்க வேண்டும். மகள் அமர்ந்து பயின்ற இருக்கையையும், அவள் நூலெடுத்த நூலகத்தையும், அவளுக்குக் கற்பித்த ஆசிரியரையும் நேரில் கண்ட தாய், "பன்னிரண்டோடு போதும்" என்று சொல்வதற்குத் தயங்குவாள். அத்தயக்கம் ஒரு பெண்ணின் வாழ்வில் மூன்றாண்டுக் கல்வியாக மலரும்.

நிறைவுரை

பள்ளிப் பருவத்திலேயே கல்லூரிக் கல்வி பெறுவதால் பொருளும் காலமும் மிஞ்சுகின்றன, துறை தெளிவாகின்றது, பயிலும் முறை பண்படுகின்றது. இவையனைத்தும் உண்மை. ஆயினும், இவற்றினும் மேலானது, "நானும் இங்கு உரியவன்" என்னும் உறுதி பதினாறு வயதிலேயே பிறப்பதாகும். அவ்வுறுதி வீட்டிலேயே வாய்க்கப்பெற்றோர்க்கு இத்திட்டம் ஒரு வசதி. வாய்க்கப்பெறாதோர்க்கு இது வாழ்வு.

துறை அறையின் வாயிலில் தயங்கி நிற்கும் அம்மாணவரை "உள்ளே வாருங்கள்" என்று அழைக்க ஒரு நொடி போதும். அவ்வழைப்பை ஈராண்டுகள் முன்னதாகவே விடுப்பதில் நமக்கு இழப்பு யாதுமில்லை. வரும் கல்வியாண்டில் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, இருபது மாணவர் என்ற அளவிலேனும் இதனைத் தொடங்குவோமாக. அறிவு தேடுதலைக் கடமையாக்கிய இறைவன் அதற்குத் துணைநிற்பானாக, இன்ஷா அல்லாஹ்.